அசலூர்க்காரன் யாரு?

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாக்பூர் வெயில் ஏறுவதற்குள் காய்கறி வாங்கி வந்துவிடலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வாசலிலேயே மடக்கிவிட்டார் அண்ணாச்சி.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். ரயில்வே வேலையாக இங்கே வந்து, ரிட்டயர் ஆகி, இங்கேயே வீடும் கட்டிக்கொண்டவர். ஒரே மகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கியாகிவிட்டது. ஒருநாள் பெய்த ஆலங்கட்டி மழையில் வீட்டுக் கூரை போய், தண்ணீர் உள்ளே இறங்கி, மரத்தரை, சுவர் என்று எல்லாம் வீணாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்க முன்வந்த தொகை கேட்டதில் கால்வாசி கூட இல்லை. பையன் உள்ளூர் கோர்ட்டில் கேஸ் போட்டான். இதுவரை எனக்கும் தெரிந்த கதைதான்.

"தம்பி, கேஸு மேல்கோர்ட்டுக்குப் போயிட்டாம்லா. ஃபெடரல் கோர்ட்டாம். விசாரிக்கதுக்கு முன்னாலயே தோத்துட்டோமா?"

மதினி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். பையனுக்கு போன் போட்டால், அவன் வக்கீல் பாஷையில் ஏதோ சொல்லி பயத்தை அதிகமாக்கிவிட்டான் போலிருக்கிறது. பேங்க் ஆபீசர் என்றால் சட்டமெல்லாம் அத்துப்படி என்று நம்ம ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. நானோ பி.காம். மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர், அதிலும் அறுபதைத் தாண்டியதில்லை :-)

ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து "தெரியாது அண்ணாச்சி" என்று சொல்ல மனசு வரவில்லை. இரண்டு நாள் டைம் வாங்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் இரண்டு மாதமானது. தங்கமணி கூட "எல்.எல்.பி. சேரப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அப்படிப் படித்ததில் தெரிந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் அங்கே இருக்கிற பெற்றோர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள் என்பதும் ஒரு காரணம்.

முதலில் அண்ணாச்சியின் பயத்துக்குப் பதில். ஃபெடரல் கோர்ட் என்பது மேல்கோர்ட் அல்ல. நம் ஊரில் முன்சீப் கோர்ட், ஜில்லா கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று ஒரே ஏணி. அமெரிக்காவில் இரண்டு ஏணிகள் பக்கத்து பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று மாநிலத்துடையது, இன்னொன்று மத்திய அரசுடையது. சில வகைக் கேஸ்களை இரண்டில் எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். மாநிலக் கோர்ட்டில் தொடங்கிய அப்படிப்பட்ட கேஸை, பிரதிவாதி தன் விருப்பத்தில் ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். இதற்கு 'ரிமூவல்' என்று பெயர். கேஸ் மாடி ஏறவில்லை, பக்கத்து வீட்டுக்குக் குடி மாறியிருக்கிறது. அங்கேயும் முதலிலிருந்துதான் விசாரணை.

சரி, எதற்காக இப்படி ஓர் ஏற்பாடு? இங்கேதான் நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்குச் சுவாரசியமான விஷயம் இருக்கிறது.

1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்ட கோர்ட்டுச் சட்டத்தின் 12-வது பிரிவிலேயே இது வந்துவிட்டது. 13 காலனிகள் சேர்ந்து ஒரு நாடாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. வேறு மாநிலத்துக்காரன் மீது உள்ளூர்க்காரன் உள்ளூர்க் கோர்ட்டில் கேஸ் போட்டால், உள்ளூர் ஜட்ஜும் உள்ளூர் ஜனங்களே உட்காரும் ஜூரியும் அசலூர்க்காரனுக்கு நியாயம் செய்வார்களா என்ற சந்தேகம் இருந்தது. அதனால் வழக்கின் தொகை 500 டாலருக்கு மேல் இருந்தால் அசலூர்க்காரன் கேஸை ஃபெடரல் கோர்ட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று வைத்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. டிரான்ஸ்பரில் முதன்முதலாக விதர்பா வந்து இறங்கியபோது, மராத்தியும் தெரியாமல் ஹிந்தியும் அரைகுறையாக, வீட்டு அட்வான்ஸ் திரும்பி வராமல் நின்றது ஞாபகம் வந்தது. ஓனருக்குத் தெரியாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. யாரிடம் போய்ச் சொல்வது? அப்படிப்பட்டவனுக்காகச் சட்டம் போட்டார்களே, நல்ல மனுஷர்கள் என்று நினைத்தேன்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அசலூர்க்காரன் என்றால் மனுஷன்தானா, கம்பெனியும் உண்டா?

இந்தக் கேள்வி 1809-ல் சுப்ரீம் கோர்ட் முன் வந்தது. ஒரு பேங்க் வழக்கும், அதோடு சேர்த்துக் கேட்கப்பட்ட ரோட் ஐலண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வழக்கும் (பேங்கும் இன்ஷூரன்சும் அப்போதே ஜோடி!). கம்பெனி என்பது வெறும் காகித உருவம், அதன் பின்னால் இருக்கும் பங்குதாரர்கள் எந்த மாநிலத்துக்காரர்கள் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு 3 வருஷம் முன்புதான், 1806-ல், வாதி தரப்பில் ஒருவரும் பிரதிவாதி தரப்பில் ஒருவரும் ஒரே மாநிலத்துக்காரராக இருந்தால்கூட இந்த வழியில் ஃபெடரல் கோர்ட்டுக்கு வர முடியாது என்று தீர்ப்பாகியிருந்தது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கம்பெனிக்கு எதிராளியின் மாநிலத்தில் ஒரே ஒரு பங்குதாரர் இருந்தாலும் கதவு சாத்தியாச்சு.

1844-ல் ஒரு ரயில்வே கம்பெனி வழக்கில் இதை மாற்றினார்கள். எந்த மாநிலத்தில் பதிவாகியிருக்கிறதோ, கம்பெனி அந்த மாநிலத்தின் குடிமகன் மாதிரி. பங்குதாரர் கணக்கு வேண்டாம். கதவு அகலமாகத் திறந்தது. நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் இருந்த பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நாடு முழுக்க ஏஜென்டுகளை வைத்து பாலிசி விற்றன. எங்கே கேஸ் போட்டாலும் அவர்கள் 'அசலூர்க்காரர்கள்'.

அவர்களுக்கு ஃபெடரல் கோர்ட் ஏன் பிடித்தது? பல காரணங்கள். மாநிலக் கோர்ட் அந்தந்த கவுண்டியிலேயே இருக்கும். ஃபெடரல் கோர்ட் மாநிலத்துக்குள் சில ஊர்களில்தான். தீப்பிடித்து வீட்டை இழந்த விவசாயி, சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி, அந்த ஊரில் தங்கிச் சாப்பிட்டு வழக்கு நடத்த வேண்டும். கம்பெனி வக்கீலுக்கு அது ஆபீஸ் செலவு. இவருக்கு விதைநெல்.

இரண்டாவது காரணம் சட்டமே மாறிப்போவது. 1842-ல் ஒரு உண்டியல் வழக்கில் (எங்கள் பேங்க் பரீட்சைகளில் வரும் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்தான்), வியாபார விஷயங்களில் மாநிலக் கோர்ட்டுகளின் முந்தைய தீர்ப்புகளுக்கு ஃபெடரல் ஜட்ஜுகள் கட்டுப்பட வேண்டியதில்லை, பொதுவான வணிக நியாயத்தைத் தாங்களே பார்த்துச் சொல்லலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதே வருஷம் ஒரு தீ விபத்து இன்ஷூரன்ஸ் வழக்கிலும் இதையே பின்பற்றினார்கள். விளைவு, ஒரே பாலிசி, ஒரே நெருப்பு, ஆனால் கோர்ட் மாறினால் தீர்ப்பும் மாறலாம்.

மாநிலங்கள் சும்மா இருக்குமா? விஸ்கான்சின் 1870-ல் ஒரு சட்டம் போட்டது. எங்கள் மாநிலத்தில் தீ விபத்து இன்ஷூரன்ஸ் விற்க வேண்டுமா, கேஸை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வியாபாரம் செய். இப்படிக் கேட்க மாநிலத்துக்குத் துணிச்சல் தந்தது 1869-ல் வந்த ஒரு தீர்ப்பு. நியூயார்க் கம்பெனிகளின் பாலிசியை லைசென்ஸ் இல்லாமல் விற்ற பால் என்ற வர்ஜீனியா ஏஜென்டுக்கு 50 டாலர் அபராதம். இன்ஷூரன்ஸ் என்பது மாநிலங்களுக்கிடையிலான வாணிபமே அல்ல, வெளிமாநிலக் கம்பெனியை உள்ளே விடுவதும் நிபந்தனை போடுவதும் மாநிலத்தின் இஷ்டம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது.

நியூயார்க்கைச் சேர்ந்த ஹோம் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் எழுதிக் கொடுத்தது. பிறகு மோர்ஸ் என்பவர் பாலிசிப் பணத்துக்குக் கேஸ் போட்டதும், கொடுத்த வாக்கை மறந்துவிட்டு ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி மனுப் போட்டது. எழுதிக் கொடுத்தாயே என்று மாநிலக் கோர்ட் மறுத்து, மோர்ஸ் பக்கம் தீர்ப்பானது. 1874-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளியது. கோர்ட்டை நாடும் உரிமையை முன்கூட்டியே மொத்தமாக எழுதிக் கொடுப்பது செல்லாது, அப்படி எழுதி வாங்கும் சட்டமும் செல்லாது என்றார் நீதிபதி ஹன்ட். தலைமை நீதிபதியும் இன்னொருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

விஸ்கான்சினிடம் இன்னொரு அஸ்திரம் இருந்தது. 1872-ல் போட்ட வேறொரு சட்டப்படி, கேஸை மாற்றினால் லைசென்ஸ் ரத்து. இதை எதிர்த்து கான்டினென்டல் என்ற இன்னொரு நியூயார்க் கம்பெனி போனது. 1876-ல் சுப்ரீம் கோர்ட் மாநிலத்தின் பக்கம் நின்றது. எழுதியவர் அதே நீதிபதி ஹன்ட்! மாற்றும் உரிமை உனக்கு உண்டு, ஆனால் மாற்றியதற்காக உன்னை வெளியே அனுப்பும் உரிமை மாநிலத்துக்கும் உண்டு என்றார். "முன்வாசல் வழியே தாராளமா போங்க, ஆனா போனா வீட்டைக் காலி பண்ணிடணும்" என்று சொல்லும் வீட்டு ஓனர் மாதிரி. 3 நீதிபதிகள் இது நியாயமே இல்லை என்று மாறுபட்டார்கள்.

கம்பெனிகளின் இடம் மாற்றும் பழக்கத்தால் ஃபெடரல் கோர்ட்டுகளிலும் வழக்குகள் குவிந்தன. 1875-ல் வாதியோ பிரதிவாதியோ யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று தாராளமாக்கிய நாடாளுமன்றம், 1887-ல் பிரதிவாதி மட்டும்தான் என்று சுருக்கி, தொகை வரம்பையும் 2,000 டாலருக்கு உயர்த்தியது. இங்கேதான் மனசை என்னவோ செய்யும் ஒரு விஷயம். நிறையப் பேர் 1,999 டாலருக்குக் கேஸ் போட்டார்கள். நஷ்டம் எவ்வளவோ இருந்தாலும், தூரத்துக் கோர்ட்டுக்கு இழுத்துப் போகக் கூடாது என்பதற்காகத் தானாகவே மிச்சத்தை விட்டுக்கொடுத்தார்கள். உரிமை பாலிசிக்காரருக்கு இருந்தது, அதை முழுசாகக் கேட்கும் தெம்புதான் இல்லை. லோன் செட்டில்மென்ட்டுக்கு வருகிறவர்கள் "ஏதோ பாத்து முடிச்சு விடுங்க சார்" என்று சொல்வதைத் தினமும் கேட்கிறவன் நான். அந்த 1,999 எனக்கு நன்றாகவே புரிந்தது.

1906-ல் கென்டக்கி மாநிலமும் அதே லைசென்ஸ் ரத்து முறையில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் வழக்கில் ஜெயித்தது. கடைசியில் 1922-ல் அர்கன்சாஸ் மாநிலத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனி வழக்கில் தலைமை நீதிபதி டாஃப்ட் இந்தக் கணக்கை முடித்தார். அரசியல் சாசனம் தந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக மாநிலம் தண்டிக்கக் கூடாது, 1876 தீர்ப்பும் 1906 தீர்ப்பும் இனி செல்லாது. 46 வருஷம் ஓடிய சண்டை கம்பெனிகள் பக்கம் முடிந்தது.

1938-ல் இரண்டு தீர்ப்புகள். முதலாவது இன்டியானாவில் ஒரு டாக்ஸி கம்பெனி தன் இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல் போட்ட வழக்கு. 4,000 டாலர் என்று கேஸ் போட்டார்கள், கேஸ் ஃபெடரலுக்குப் போனது. பிறகு பட்டியல் கொடுத்தபோது 1,380 டாலர் சொச்சம்தான். அப்போதைய வரம்பு 3,000. மாற்றிய பிறகு தொகையைக் குறைத்தால் கேஸ் திரும்பிப் போகாது என்றார்கள். இரண்டாவது பாலிசிக்காரர்களுக்கு ஆறுதலானது. 1842-ன் அந்த உண்டியல் தீர்ப்பை ரத்து செய்து, எந்தக் கோர்ட்டில் நடந்தாலும் மாநிலத்தின் சட்டமே பொருந்தும் என்றார்கள். கோர்ட் மாறினால் சட்டமும் மாறும் கூத்து அத்தோடு ஒழிந்தது.

இன்ஷூரன்ஸ் வாணிபம் அல்ல என்ற 1869 தீர்ப்பும் 1944-ல் போயிற்று. ஆனால் அடுத்த வருஷமே நாடாளுமன்றம் சட்டம் போட்டு இன்ஷூரன்சைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. 1958-ல் கம்பெனிக்கு இரண்டு ஊர் என்றானது. பதிவான மாநிலம் ஒன்று, முக்கிய அலுவலக மாநிலம் இன்னொன்று. முக்கிய அலுவலகம் என்பது முடிவெடுக்கும் தலைமையகம்தான் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. தொகை வரம்பும் 10,000, 50,000 என்று ஏறி 1996-ல் 75,000 டாலரானது.

இப்போது அண்ணாச்சி மகனின் கேஸுக்கு வருகிறேன். அவன் கேட்ட தொகை 75,000-ஐத் தாண்டுகிறது. சட்டத்தின் கண்ணில் அவன் டெக்சாஸ்காரன். கம்பெனிக்கு டெக்சாசில் எத்தனை ஆபீஸ், எத்தனை ஏஜென்ட் இருந்தாலும் தலைமையகமும் பதிவும் வேறு மாநிலத்தில். ஆகவே கம்பெனி அசலூர்.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அப்பம் நம்ம பய உள்ளூர்க்காரன். தெருவுக்குத் தெரு போர்டு வச்சிருக்க கம்பெனி அசலூர்க்காரன். ஏட்டி, கேட்டியா?" என்று மதினியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

பையனின் வக்கீல் முதலில் வேறொரு யோசனையும் செய்திருக்கிறார். நம் ஊரில் சர்வேயர் என்போமே, நஷ்டத்தை மதிப்பிட வந்த அந்த ஆள் டெக்சாஸ்காரர். அவரையும் பிரதிவாதியாகச் சேர்த்தால் இரண்டு பக்கமும் டெக்சாஸ்காரர் இருப்பார்கள், கேஸ் நகராது. 1806 தீர்ப்பு ஞாபகமிருக்கிறதா? பல வருஷங்களாக அங்கே இந்த உத்தி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் 2017-ல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டது. புயல், ஆலங்கட்டி போன்ற வானிலை நஷ்ட வழக்குகளில், சர்வேயரின் பொறுப்பைக் கம்பெனி தானே ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் அவர் மீதான வழக்கு போய்விடும். விஸ்கான்சின் காலத்தில் கம்பெனியை உள்ளூரில் பிடித்து வைக்க மாநிலம் சட்டம் போட்டது. இங்கே மாநிலம் போட்ட சட்டமே கம்பெனிக்கு வழிவிடுகிறது.

மாற்றியதால் என்ன நஷ்டம் என்று கேட்டால், முன்போல அவ்வளவு இல்லை. டெக்சாஸ் சட்டம்தான் அங்கேயும் பேசும். ஆனால் டெக்சாஸ் ஜில்லா கோர்ட்டில் 12 ஜூரர்களில் 10 பேர் ஒத்துக்கொண்டால் போதும். ஃபெடரலில் ஜூரி முழுவதும் ஒருமித்துச் சொல்ல வேண்டும், ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் தீர்ப்பு இல்லை.

பிள்ளைகள் அங்கே இருப்பவர்கள் தெரிந்துகொள்ள இரண்டு விஷயம். கேஸ் தாள் கைக்கு வந்து 30 நாளுக்குள் பிரதிவாதி மாற்றியாக வேண்டும். நடைமுறையில் ஏதாவது தப்பு இருந்தால், மாற்றிய 30 நாளுக்குள் வாதி ஆட்சேபித்துத் திருப்பி அனுப்பச் சொல்லலாம். திருப்பி அனுப்புவதற்கு அங்கே 'ரிமாண்ட்' என்று பெயர். பையன் போனில் "ரிமாண்டுக்கு ட்ரை பண்றோம்" என்று சொன்னதைக் கேட்டுத்தான் மதினி தூங்கவில்லை! நம் ஊரில் ரிமாண்ட் என்றால் ஜெயில்தானே.

இரண்டாவது, வேலை செய்யும் கம்பெனி மூலம் கிடைக்கும் மெடிக்கல், லைஃப் குரூப் இன்ஷூரன்ஸ். இவை பெரும்பாலும் 1974-ன் மத்தியச் சட்டம் ஒன்றின் கீழ் வருகின்றன. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் பணத்துக்கான வழக்குகளை, தொகை எவ்வளவானாலும், யார் எந்த ஊர்க்காரரானாலும் ஃபெடரலுக்கு மாற்றலாம் என்று 1987-ல் தீர்ப்பாகிவிட்டது.

இதையெல்லாம் படிக்கும்போது நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா? இங்கே இரண்டு ஏணி இல்லை. ஆனால் எந்த ஊர்க் கோர்ட் என்ற சண்டை இங்கேயும் உண்டு. அம்பாலாவில் பாலிசி எடுத்து, அம்பாலா கிடங்கில் தீப்பிடித்து, சண்டிகரில் நுகர்வோர் வழக்குப் போட்டவரை, 2009-ல் நம் சுப்ரீம் கோர்ட் அங்கே போட முடியாது என்று அனுப்பிவிட்டது. கம்பெனிக்குச் சண்டிகரில் கிளை இருப்பது மட்டும் போதாது என்றது. 2019-ல் வந்து 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புது நுகர்வோர் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே போடலாம். மதுரையில் எடுத்த பாலிசிக்கு நாக்பூரில் இருந்தே கேட்கலாம். டிரான்ஸ்பரிலேயே ஆயுசைக் கழிக்கும் என் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

1789-ல் பயந்த பயம் உண்மையானதுதான். அசலூரில் நியாயம் கேட்டு நிற்பவனுக்கு அது தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்காக வைத்த வாசலில், அசலூர்க்காரன் என்ற பெயரில் அதிகம் நுழைந்தது, வக்கீலும் பணமும் எல்லா ஊரிலும் வைத்திருந்தவர்கள். வீடு எரிந்தவன் சொந்த ஊரிலேயே அசலூர்க்காரனாகிப் போனான். யாருக்கு எந்தக் கோர்ட் தூரம் என்று பார்ப்பதைவிட்டு, யாருக்கு எந்த மாநிலம் என்று மட்டும் பார்த்ததுதான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் 2019 சட்டத்தில் பிடித்ததும் அதுதான், அது தூரத்தைப் பார்க்கிறது.

கேஸ் ஒன்றரை வருஷம் நடந்து சமரசத்தில் முடிந்தது. கேட்டது முழுசாக வரவில்லை, ஆனால் முதலில் நீட்டியதைவிட நல்ல தொகை. கூரை போட்டாச்சு. அண்ணாச்சி ஊரிலிருந்து வரவழைத்த அல்வாவோடு வந்தார்.

"தம்பி, அந்த அட்வான்ஸு கதை சொன்னியே, அது திரும்பி வந்துச்சா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்பம் நீ இன்னும் அசலூர்க்காரன்தாம்டே" என்று சொல்லிவிட்டு டீ கேட்டார்.